சீனியம்மாளுக்கு வைத்த இலை

எள்ளும் தண்ணீரும் கடைசித் தடவையாக இறைத்துவிட்டு, ஊருணிக் கரையில் தெற்குப் பார்த்து நின்ற குருவையா, "குருவையா மக சீனியம்மா" என்று எதிர்க்கரைக்குக் கேட்கும்படி சொன்னார். அதே நேரத்தில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் குனிந்திருந்த அவருடைய மகள் சீனியம்மாள், ஒரு பனியனின் தோள் தையலில் நூல் விட்டுப்போயிருப்பதைப் பார்த்து அதைத் தனியே எடுத்துப் போட்டாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் பெற்ற பிள்ளையைத் தலைமுழுகுகிறவர்கள் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, நாலு வார்த்தை திட்டிவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள், மறுவருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஒரு பேரப்பிள்ளை பிறந்ததும் தலை ஈரத்தோடு கோபமும் காய்ந்துவிடும். ஆனால் குருவையா கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட வைக்காத மனிதர். அவர் புல்லைக் கட்டி ஆளுயர உருவம் செய்தார், அதற்கு மகளின் பாவாடை தாவணியைச் சுற்றினார், பச்சை மூங்கிலில் பாடை கட்டினார், மேளம் சொன்னார், ஒப்பாரிக்கு ஆள் கூப்பிட்டார். வந்த பெண்கள் முதலில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், பிறகு உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாயின் முகத்தைக் கண்டதும் நிஜமாகவே அழுதுவிட்டார்கள். புல்லுருவம் சுடுகாட்டில் எரிந்தது, மறுநாள் சாம்பலைக் கரைத்தார்கள், பதினாறாம் நாள் கருமாதி நடந்தது, மகளின் புகைப்படத்துக்கு மாலை விழுந்தது. அரைகுறையாகச் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, கொத்தனார் சுத்தமாகச் செய்ததால்தான் அது பிடித்துக்கொண்டது என்று ஊரில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

பங்குனிக் கொடைத் திருவிழாவில்தான் இந்தப் பிணக்கு ஆரம்பித்தது. குலதெய்வமான சுடலைக்குப் படப்பு போடுகிற உரிமை குருவையாவின் குடும்பத்துக்கு உரியது. பெரிய ஓலைப்பாயில் சோற்றைக் குவித்து, கறிக்குழம்பை ஊற்றி, சாமிக்குக் காட்டி, பிறகு வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கொரு கை அள்ளி வைப்பார். திருப்பூரிலிருந்து வந்திருந்த சீனியம்மாள் கையை நீட்டவில்லை. மாசி மாதமே ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன், இனிமேல் படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்று, கூட்டத்துக்குக் கேட்காத குரலில், ஆனால் அப்பாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"சாமிக்கு வச்சதுட்டி. ஒரு வாய் போட்டுக்கோ. பெறகு நீ எங்க வேணும்னாலும் போய் முழங்கால் போடு."

"சாமிக்கு வச்சது சாமிக்கிட்டயே இருக்கட்டும்ப்பா. எனக்குப் பானையில இருந்து போடுங்க."

"படப்புச் சோறு திங்காதவள என் மகன்னு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?" என்றார் குருவையா. கையிலிருந்த சோற்றை மறுபடி பாயில் போட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

அவளை யாரும் ஆசை காட்டிச் சபைக்கு அழைத்துப் போகவில்லை. திருப்பூர் வரிசை வீட்டில் அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்ட யோவன்னாள் அக்கா, சாத்தான்குளத்துப் பக்கத்து விதவை, ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குக் கிளம்பும்போது தனியாக நடக்க அலுப்பாக இருக்கிறது என்று ஒருநாள் கூப்பிட்டாள். அங்கே பாஸ்டர் கிதியோன், இறந்து எழுந்த ஆண்டவர் தன் ஆட்களைத் தேடிக் கடற்கரைக்கு வந்து, கரி மூட்டி, தன் கையாலேயே மீன் சுட்டு வைத்துக்கொண்டு அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சீனியம்மாள் வேறு எதையும் கேட்கவில்லை. செத்தவர்களுக்கு உயிரோடிருப்பவர்கள் சமைத்து வைப்பதைத்தான் அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருந்தாள். அன்று ராத்திரி சப்பாத்தி மாவு பிசைகிறபோது, அவர் மீனைத் திருப்பிப்போட என்ன வைத்திருந்தார் என்று யோவன்னாளிடம் கேட்டாள்.

ஆடி அமாவாசை வந்தது. ஆவுடைத்தாய் குளித்து, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, உளுந்தவடை சுட்டு, மகளின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறி, சோற்றின்மேல் எள்ளைத் தூவினாள். காக்காய்க்குக் கூரைமேல் ஒரு பிடி வைத்துவிட்டு உள்ளே வந்தால், இலை கழுவி வைத்ததுபோல் காலியாக இருந்தது. நாயாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் நாய் இலையைக் கிழித்திருக்கும்.

அப்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்து, கம்பெனியில் சீனியம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்து மூடியைப் பக்கத்தில் வைத்தாள். மூடியில் சோறு வந்து நிறைந்தது, சோற்றின்மேல் குழம்பு வந்து படர்ந்தது, ஓரத்தில் இரண்டு வடை வந்து உட்கார்ந்தன. ஆவி பறந்தது. கத்தரிக்காயைக் காம்போடு நாலாகப் பிளந்திருந்த விதத்தில் அது யாருடைய கை என்று அவளுக்குத் தெரிந்தது. எள்ளைப் பார்த்ததும் அது யாருக்கு வைத்த சோறு என்றும் தெரிந்தது. மூடியை மேசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டு, பாக்ஸிலிருந்த தன்னுடைய தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டாள்.

பக்கத்து மேசைப் பெண்கள் சும்மா இருப்பார்களா, மூடியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு உங்கள் அம்மாவுக்குப் புளி கரைக்கத் தெரிந்திருக்கிறது என்றார்கள். ஆவணி அமாவாசைக்கு ஒருத்தி அப்பளம் வருமா என்று காலையிலேயே விசாரித்தாள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த பெண்கள் எள்ளைத் தட்டிவிட்டு வடையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர், குழம்பு பனியனில் பட்டுவிடக் கூடாது என்று அமாவாசையன்று அந்த மேசைக்கு மட்டும் பழைய பேப்பர் விரிக்கச் சொன்னார். சாயப்பட்டறையில் வேலை பார்த்த இசக்கிராஜா, ஆவுடைத்தாயின் அண்ணன் மகன், கேள்விப்பட்டு வந்து ஒரு தடவை நேரில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, அத்தை குழம்புதான் என்று உறுதிசெய்தான். அன்று சாயங்காலமே ஊருக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டான்.

ஆவுடைத்தாய் கேட்டது ஒன்றுதான்.

"தின்னாளாய்யா?"

"தின்னா அத்தை," என்றான் அவன்.

மறுநாளிலிருந்து அவள் தினமும் இலை போட்டாள். குருவையா ஆட்சேபிக்கவில்லை, செத்தவளுக்குத்தானே வைக்கிறாள், வைக்கட்டும் என்றார். தான் செய்த காரியம் சரியாக நின்றுவிட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு நிறைவுகூட இருந்தது. ஊரும் இதற்குப் பழகிக்கொண்டது. போட்ட இலை போய்ச் சேருகிற வீடு என்று ஆகிவிட்டதால், தங்கள் வீட்டுச் செத்தவர்களுக்கான சோற்றையும் அங்கே கொண்டுவந்து அந்தப் படத்துக்கு முன்னால் வைக்க ஆரம்பித்தார்கள், உன் மகள்தான் போகிறாளே, எங்கள் ஆளுக்கும் கொடுத்துவிடச் சொல் என்றார்கள். அப்படித்தான் பெயர் தெரியாத யாரோ ஒரு கிழவருக்கு வைத்த சுருட்டும் கால் பாட்டில் பிராந்தியும் சீனியம்மாளின் டிபன் மூடியில் வந்து நின்றன. மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், பிறகு பாட்டிலைக் கொண்டுபோய்க் கழிப்பறையில் ஊற்றினாள்.

சபையில் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள். பிசாசின் சோறு, மண்ணில் புதைக்க வேண்டும் என்றார்கள் சிலர். பெற்றவள் ஆக்கிய சோற்றில் பிசாசுக்கு என்ன வேலை என்றாள் யோவன்னாள் அக்கா. பாஸ்டர் கிதியோன் உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டு வந்து, விக்கிரகம் ஒன்றுமில்லை, சோறு சோறுதான், நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடலாம், பாவமில்லை என்றார். சீனியம்மாள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள், சாப்பிடவில்லை.

புரட்டாசியில் ஆவுடைத்தாய் ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைத்தாள். சாயங்காலம் இசக்கிராஜாவைக் கூப்பிட்டு, சீனி என்ன சொன்னாள் என்று கேட்டாள். அருமையா இருந்துச்சுன்னு சொன்னா அத்தை என்றான் அவன். அவள் போனை வைத்துவிட்டாள். ஏழு வயதிலிருந்து ஒரு கல் உப்புக் குறைந்தாலும் தட்டை நகர்த்தி வைக்கிற மகள். அன்று ராத்திரி ஆவுடைத்தாய் தனக்குச் சோறு போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளும் போட்டுக்கொள்ளவில்லை. குருவையா கேட்டதற்கு, "அவ வாயில வைக்கட்டும், நான் வைக்கேன்" என்றாள்.

அவள் அழவில்லை, படுத்தும் விடவில்லை. காலையில் எழுந்து ஆக்கினாள், புருஷனுக்குப் போட்டாள், மகளுக்கு இலை வைத்தாள், இலை காலியானதும் எடுத்துப் போட்டாள். தண்ணீரும் கருப்பட்டிக் காப்பியும் மட்டும் குடித்தாள். வளையல் முழங்கைவரை ஏறியது. ஐப்பசி அடைமழையில் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்த பெண்கள் கஞ்சி கொண்டுவந்தார்கள். அதையும் அவள் இலையில் ஊற்றினாள். அது திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்தது.

இசக்கிராஜா வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபோது சீனியம்மாள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் கெஞ்சினான். ஒரே ஒரு கவளம், நான் பார்க்க, நான் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன், அத்தை பிழைத்துக்கொள்வாள் என்றான். யோவன்னாள் அக்காவும் அதையே சொன்னாள், ஆண்டவர் வயிற்றைப் பார்ப்பதில்லை, மனசைத்தான் பார்க்கிறார் என்றாள்.

"எனக்குத் தெரியாமயா இருக்கு அக்கா," என்றாள் சீனியம்மாள். "பிசாசுன்னும் நான் நெனைக்கல, பாவம்னும் நெனைக்கல. ஆனா அது செத்தவளுக்கு வச்சது. ஒரு வாய் தின்னாலும் ஆமா, நான் செத்தவதான்னு கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் இப்பதான் உசுரோட இருக்கேன். அதை இல்லைன்னு சொல்லிட்டு ஆண்டவரு முன்னால போய் எப்படி நிக்க?"

துவைத்ததைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, லீவு சொல்லிவிட்டு, அவள் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

ஊரில் அவளை யாரும் பார்க்கவில்லை. விரட்டவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, செத்துப்போனவளைப் பார்க்காததைப்போலவே பார்க்காமல் இருந்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் பழக்கத்தில் ஒரு கிளாஸ் ஆற்றிவிட்டு, நினைவு வந்ததும் அதைத் தெருவில் ஊற்றினார். அவள் வீட்டு வாசலுக்கு வந்தபோது உச்சிவெயில். குருவையா உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஆவுடைத்தாய் வாசலை நிமிர்ந்து பார்த்தாள், பார்த்தபடியே இருந்தாள், பிறகு எழுந்து இலையை விரித்தாள். மகள் வந்திருக்கிறாள், மகளுக்கு எங்கே பரிமாறுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், எள்ளைத் தூவினாள். எல்லாம் இலையில் மறைந்து, வாசல்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த மகளின் மடியில் இருந்த டிபன் மூடியில் வந்து நிறைந்தது. அது போய்ச் சேருவதை ஆவுடைத்தாய் அன்றுதான் கண்ணால் பார்த்தாள்.

சீனியம்மாள் மூடியைக் கீழே வைத்தாள்.

"யம்மா, பானையில இருந்து போடு. ஒரு பிடி போதும்."

குருவையா எழுந்து, மாலை போட்ட படத்துக்கு முன்னால் போய் நின்றார். செத்தவளிடம் பேசுவதென்றால் அங்கேதான் பேச வேண்டும். படத்தைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார்: நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சுடலை முன்னால் வந்து நின்று ஒரு வாய் படப்புச் சோறு தின்றால் போதும், செய்ததைத் திருப்புவதற்கும் முறை இருக்கிறது, விசாரித்து வைத்திருக்கிறேன், மாலையை நானே கழற்றுகிறேன். கடைசியில் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஒங்கம்மையப் பாரு. எலும்பு தெரியுது. ஒனக்காவத்தான்."

"பாத்துட்டேன்ப்பா," என்றாள் அவள் வாசலிலிருந்து. "முடியாதுப்பா."

"அப்ப இந்த வீட்டுல ஒனக்கு எலை உண்டு. தட்டு கெடையாது," என்று அவர் படத்திடம் சொன்னார்.

ஆவுடைத்தாய் உள்ளே திரும்பினாள். அடுப்படிக்குப் போய்ப் பானைக்குள் கையை விட்டு, குழம்பும் இல்லாமல் எள்ளும் இல்லாமல் வெறும் சோறு ஒரு பிடி எடுத்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்து, மகளின் வாயில் வைத்தாள். சீனியம்மாள் மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகளை வாயில் போட்டுக்கொண்டாள். பசி அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, தரையில் உட்கார்ந்தபடியே உள்ளங்கையையும் மணிக்கட்டையும் நக்கினாள்.

செத்தவளுக்கு உயிரோடிருக்கிற கை ஊட்டினால் ஊட்டிய கையும் செத்த கை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். குருவையா படியிறங்கி அவர்கள் இருவரையும் தாண்டி, வைக்கோல் போரைக் கடந்து, ஓடைப் பக்கம் நடந்தார். திரும்பி வரும்போது தோளில் ஒரு கட்டுப் புல் இருந்தது.

ஆவுடைத்தாய் கட்டிய சேலையோடு மகளுடன் திருப்பூர் வந்தாள். அவளுக்கும் புல்லுருவம் ஆளுயரத்துக்குச் செய்யப்பட்டதாகவும், கூறைப்புடவை சுற்றப்பட்டதாகவும், கொத்தனார் எந்த முறையையும் விடவில்லை என்றும் இசக்கிராஜா சொன்னான். கருமாதிக்குப் பிறகு சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. மகளின் படத்துக்கு ஊரார் வைத்த இலை அதன்பின் தானாகக் காலியாகவில்லை, காக்காய்தான் தின்றது. ஊரில் பலருக்கு இதில் வருத்தம், தங்கள் ஆட்களுக்குச் சுருட்டு கொடுத்துவிட இனி வழியில்லை என்றார்கள்.

வரிசை வீட்டில் ஆவுடைத்தாய்க்கு மெல்ல மெல்லத் தசை பிடித்தது. சபைப் பெண்கள் வந்து பாடினார்கள், அவள் சுவரோடு சாய்ந்து கேட்டுக்கொண்டாள், ஒரு தடவையும் கூடப் போகவில்லை. சீனியம்மாள் கூப்பிடவும் இல்லை. மார்கழியில் ஊரில் ஆவுடைத்தாயின் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது, எழுந்து தலையை முடிந்து சேலையைச் சரிசெய்து வாசல்வரை போனவள், அங்கேயே நின்று, பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள். செத்தவள் சாவு வீட்டுக்குப் போக முடியாது. அன்று முழுவதும் அவள் யாருடைய பெயரையும் சொல்லாமல் மார்பில் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தாள்.

தை அமாவாசையன்று மதியம், அவள் முன்னால் இருந்த தட்டில் சோறு வந்தது. ஒரு பக்கம் குழைந்து, ஒரு பக்கம் வேகாமல், அடி பிடித்த வாடையோடு வந்தது. குழம்பு என்று மஞ்சளாக ஏதோ ஓடியது, அதில் கத்தரிக்காய் முழுசாகக் கிடந்தது. எள் மட்டும் சீராகத் தூவப்பட்டிருந்தது. முப்பது வருஷத்தில் அந்த மனிதர் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆவுடைத்தாய் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கையால ஒரு வாய் திங்கணும்னா நான் சாவ வேண்டியிருக்கு பாரு," என்றாள் யோவன்னாள் அக்காவிடம். சோற்றைப் பிசைந்தாள்.

"திங்காத யம்மா," என்றாள் சீனியம்மாள் அறையின் அந்தப் பக்கத்திலிருந்து. "நீ உசுரோட இருக்க. அதைத் தின்னா இல்லைன்னு ஆயிரும்."

"ஆவட்டும்."

"யம்மா."

"ஏட்டி, வச்ச சோத்தத் திங்காம விட்டா வச்சவங்க வயிறு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியாது," என்றாள் ஆவுடைத்தாய். கோபமாகச் சொல்லவில்லை.

முதல் கவளத்திலேயே பல்லில் கல் நறுக்கென்றது. அரிசியைக் களையாமல் போட்டிருந்தார். அவள் கல்லைத் துப்பிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள், அதிலும் கல் இருந்தது. யோவன்னாள் அக்கா கதவருகே நின்று, நாளைக்குத் தண்ணீர் லாரி வருமா வராதா, குடத்தை இப்போதே வரிசையில் வைத்துவிடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் எழுந்து வந்து அம்மாவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தட்டின் ஓரத்துச் சோற்றை விரலால் பரப்பி, கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் இடது உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள்.